மூணாவதோடு படிப்பை விட்டவர், மோட்டார் செய்த கதை: யார் இந்த ஜி.டி.நாயுடு?

கோவை அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் ஜி.டி.நாயுடு. தினமும் அந்தப் பாலத்தில் போகிற பலருக்கும் பெயர் தெரியும். ஆனால் அவர் உண்மையில் என்ன செய்தார்? வாங்க, விரிவாகப் பார்ப்போம்.

படிப்பு ஏறாத பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23-ம் தேதி. ஊர், சூலூர் பக்கத்தில் உள்ள கலங்கல். விவசாயக் குடும்பம். சிறு வயதிலேயே அம்மாவை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்தே வரவில்லை. மூணாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரு மோட்டார் பைக். ஊருக்கு வந்த வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் வண்டி அது. மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுவதைப் பார்த்த நாயுடுவுக்கு அதை வாங்கியே தீர வேண்டும் என்று தோன்றிவிட்டது.

கையில் காசு இல்லை. கோவைக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சுமார் மூணு வருஷம் சேர்த்து வைத்த பணத்தில், அந்த அதிகாரியிடமே போய் வண்டியை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. நட்டு, போல்ட்டு விடாமல் மொத்தத்தையும் கழட்டிப் போட்டார். அப்புறம் ஒவ்வொன்றாக மாட்டினார். அதுதான் அவர் படித்த இன்ஜினியரிங்.

ஒரு பஸ்ஸில் தொடங்கியது

நடுவில் பருத்தி வியாபாரம் செய்தார். திருப்பூரில் கொடுத்த லாபத்தை பம்பாய் பறித்துக்கொண்டது. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அப்போது கைகொடுத்தவர் கோவையின் பெரிய தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் உதவியோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டினார் நாயுடு. அந்த ஒற்றை பஸ்தான் பின்னாளில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். என்ற நிறுவனமாக வளர்ந்தது. 200-க்கும் மேற்பட்ட பஸ்கள் ஓடின. பஸ் ஓட்டுவதோடு நிற்காமல், ரிப்பேர் பார்க்கவும் உதிரிபாகம் செய்யவும் சொந்தமாகவே ஒர்க்‌ஷாப் வைத்துக்கொண்டார்.

மோட்டார் ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வந்தது. கோவைக்குக் கரண்ட் வந்தது. மில்கள் பெருகின. ஆனால் கரண்ட்டை வேலையாக மாற்றும் மோட்டார், கப்பலில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. பழுதானால் பாகத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

கொங்கு விவசாயிக்கும் இது பெரிய பிரச்சினை. இங்கே பெரிய ஆற்றுப் பாசனம் குறைவு, கிணறுதான் கதி. விடியற்காலையிலிருந்து மாடு கட்டிக் கவலை இறைத்தால்தான் வயலுக்குத் தண்ணீர். மோட்டார் கைக்கெட்டும் விலையில் கிடைத்தால் அந்த வாழ்க்கையே மாறும்.

மோட்டார் பார்ப்பதற்கு எளிமையானது. வெளியே செம்புக் கம்பி சுற்றிய காயில், உள்ளே சுழலும் ரோட்டார், இரண்டு முனையிலும் பேரிங். அவ்வளவுதான். கஷ்டம் எல்லாம் நுணுக்கத்தில்தான். நிற்கும் பாகத்துக்கும் சுழலும் பாகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிக மெல்லியது. அது கொஞ்சம் பிசகினாலும் உரசும். கம்பி மேல் இருக்கும் பூச்சு ஒரு இடத்தில் விட்டாலும் காயில் புகைந்துவிடும்.

இந்தச் சவாலை எடுத்தவர்கள் இரண்டு பேர்: ஜி.டி.நாயுடுவும், டி.பாலசுந்தரம் நாயுடுவும். கோவை பீளமேட்டில் இருந்த நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் 1937-ல் இவர்கள் கொண்டுவந்த மோட்டாரே இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

கணபதிக்கு வந்த தொடர்ச்சி

அந்த வெற்றியின் தெம்பில் பாலசுந்தரம் நாயுடு தொடங்கியதுதான் டெக்ஸ்டூல். சத்தி ரோட்டில் கணபதி பக்கம் போகிறவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மில்லுக்குத் தேவையான இயந்திரங்களை இங்கேயே செய்த ஆலை அது. இப்படிப்பட்ட ஆலைகளில் வேலை கற்றவர்கள் வெளியே வந்து லேத் போட்டார்கள், பட்டறை வைத்தார்கள், வைண்டிங் கடை திறந்தார்கள். கோவை பம்ப்செட்டும் வெட் கிரைண்டரும் நாடு முழுக்கப் போனதற்குப் பின்னால் இந்தச் சங்கிலி இருக்கிறது.

ரேஸர் முதல் ஓட்டு மெஷின் வரை

நாயுடு பெரிய மோட்டாரோடு நிற்கவில்லை. பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் வைத்த ஷேவிங் ரேஸர் ஒன்றை உருவாக்கினார். பெயர் ரசந்த். அது ஜெர்மனியில் தயாரானது. மிக மெல்லிய பிளேடு, ஜூஸ் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம் எனப் பட்டியல் நீளும். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார்.

குட்டி மோட்டாரின் கதை அதோடு முடியவில்லை. இன்று மாடல் ரயில் ஓட்டும் பொழுதுபோக்கில் இருப்பவர்களின் எஞ்சினுக்குள்ளும் ஒரு குட்டி மோட்டார்தான் இருக்கிறது. முன்பெல்லாம் தண்டவாளத்தில் வோல்டேஜைக் கூட்டினால் வேகம் கூடும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டுமே கிளம்பிவிடும். இப்போது வந்திருக்கும் டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் கரண்ட்டோடு கட்டளையும் சேர்ந்தே போகிறது. எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர், தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். புது டீகோடர் பெரும்பாலும் 3 என்ற எண்ணோடுதான் வரும். அதை மாற்றாமல் இரண்டு எஞ்சினை வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுமாறுகிற இடம் இது. ஒரு எஞ்சினை வைத்து, ஒரு எண் கொடுத்து, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போவதே வழி. ரட்ஜ் வண்டியில் நாயுடு செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

கிடைக்காத லைசென்ஸ்

எல்லாமே வெற்றி இல்லை. 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை வெறும் 2,000 ரூபாய். ஆனால் தயாரிக்க அரசு லைசென்ஸ் கொடுக்கவில்லை. எந்தப் பொருளை யார், எவ்வளவு செய்யலாம் என்பதை அரசே முடிவு செய்த காலம் அது. கார் அதோடு நின்றுபோனது.

ஹோப் காலேஜ் பெயர் எப்படி வந்தது?

1945-ல் நாயுடுவின் முயற்சியில் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும், இன்ஜினியரிங் கல்லூரியும் வந்தன. ஆர்தர் ஹோப் அப்போதைய மெட்ராஸ் மாகாண கவர்னர். மூணாவது வரைக்கும் படித்த நாயுடு, அந்தக் கல்லூரிக்கே முதல்வராக இருந்தார்.

நாலு வருஷப் படிப்பு தேவையில்லை, பாதி காலத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. மாணவன் மெஷின் முன்னால் நிற்கும் நேரம்தான் முக்கியம் என்று நினைத்தார். அரசு ஏற்கவில்லை. அவர் விலகிவிட்டார்.

அந்தக் கல்லூரிதான் பின்னர் தடாகம் ரோட்டுக்கு மாறி, இன்று ஜி.சி.டி. என்று அழைக்கப்படும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கல்லூரி போய்விட்டாலும், அவிநாசி ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கு ஹோப் காலேஜ் என்ற பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

கடைசிக் காலம்

1944-லேயே தொழிலிலிருந்து பெருமளவு ஒதுங்கி, தொழிற்கல்வி, தொழிலாளர் நலன், விவசாய ஆராய்ச்சி என்று இறங்கினார் நாயுடு. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் பருத்திச் செடிகளை வளர்த்துக் காட்டினார். 1974 ஜனவரி 4-ம் தேதி, 80 வயதில் காலமானார்.

படிப்பை அவர் எதிர்த்தாரா என்ற கேள்வி இன்றும் எழுகிறது. படிப்பே வேண்டாம் என்று நினைத்தவர் கல்லூரி கட்டியிருக்க மாட்டார். கையால் செய்து பார்க்காத படிப்பைத்தான் அவர் ஏற்கவில்லை. அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் அவர் செய்த, சேர்த்த கருவிகள் இன்றும் பார்வைக்கு இருக்கின்றன. கோவைப் பக்கம் வந்தால், பிள்ளைகளோடு ஒரு எட்டு போய்ப் பார்க்கலாம்.