நீலமலை கண்ட மொழியறிஞர் எமனோ

முனைவர் பட்டத்திற்கு எப்பொருளை எடுப்பது என்னும் வினா, முதுகலை முடிக்கும் நம் மாணவர் பலரின் உறக்கத்தைக் கெடுப்பது. உள்ளம் விழையும் பொருள் ஒன்றாக இருக்கும். பணிக்கு வழிவகுக்கும் பொருள் வேறொன்றாக இருக்கும். பெற்றோரின் கவலையோ பெரும்பாலும் பின்னதன் பக்கமே. இவ்விரண்டிற்கும் இடையே நின்ற ஓர் அறிஞரின் வாழ்வை ஈண்டு நினைவுகூர்கிறோம்.

மர்ரே பார்ன்சன் எமனோ 1904இல் கனடா நாட்டின் லூனன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். டல்ஹௌசியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றபின், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வடமொழியில் ஆழ்ந்தார். வேதாளக் கதைகளின் வடமொழிப் பாடம் ஒன்றைப் பதிப்பித்து 1931இல் முனைவரானார். விரும்பிய பொருளில் பட்டம் கிடைத்தது, வேலைதான் கிடைக்கவில்லை. அது பொருளாதாரப் பெருமந்தக் காலம்.

யேலிலேயே தங்கிய எமனோ, அவ்வாண்டில் அங்கு வந்து சேர்ந்த எட்வர்டு சபீரிடம் மொழியியல் கற்றார். எழுத்தில்லா மொழிகளை, பேசுவோர் வாயிலிருந்தே கேட்டு எழுதும் கலை அது. தோடர் மொழியை ஆராயுமாறு சபீர் வழிகாட்டினார். சில நூறு பேர் மட்டுமே பேசிய மொழி! அதனை நம்பிப் பணிக்கு எவர் உறுதி கூறியிருக்க முடியும்?

குன்னூரிலிருந்து ஏறும் மலை இரயில் 1908 செப்டம்பரில் பெர்ன்ஹில் வரை வந்தது. அடுத்த திங்களில் உதகையை எட்டியது. அரண்மனையால் நாம் அறிந்த அந்தப் பெர்ன்ஹில்லைச் சூழ்ந்த மேட்டுநிலத்தில்தான் தோடர் மந்துகளும் கோத்தர் ஊர்களும் உள்ளன. 1935இல் இந்தியாவுக்கு வந்த எமனோ, தோடர் பாடல்களையும் பேச்சையும் கேட்டெழுதினார். தமிழ்ச் செவிக்குப் பழகாத உரசொலிகள் மிகுந்த மொழி அது. கோத்தர் சுள்ளி சொல்லச் சொல்ல எழுதிய கதைகள் 1944 முதல் 1946 வரை நூலாயின. சுள்ளி போன்றோர் இல்லையேல் எமனோவின் புகழும் இல்லை என்றே நாம் கருதுகிறோம். குடகு மொழியையும் கோலாமி மொழியையும் அவர் விட்டுவைக்கவில்லை.

1938இல் திரும்பிய அவருக்கு, 1940இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நிலையான பணி அமைந்தது. பதவியின் பெயரிலேயே வடமொழியும் பொதுமொழியியலும் இணைந்திருந்தன. கைவிட நேருமோ என்றிருந்த காதலும், பிழைப்புக்கெனக் கற்ற கலையும் ஒரே நாற்காலியில் அமர்ந்தன! தாமஸ் பரோவுடன் அவர் தொகுத்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி 1961இல் வெளிவந்தது. தமிழ்த்துறை நூலகங்களில் அதனைத் தொடாத ஆய்வாளர் அரியர்.

தோடர் பாடல்கள் 1971இலும், தோடர் இலக்கணம் 1984இலும் அச்சேறின. இலக்கணம் வெளிவந்தபோது எமனோவுக்கு அகவை எண்பது. 2005இல், தம் 101ஆம் அகவையில் அவர் மறைந்தார்.