யாழுக்கு உயிர் தந்த பேராசிரியர்

நாற்பது வயதைத் தாண்டிவிட்டால், இனிப் புதிதாக ஒன்றைக் கற்பதா என்று நம்மில் பலர் கையை விரித்துவிடுகிறோம். ஈப்போ கடைத்தெருவிலும், ரப்பர் தோட்டங்களாக இருந்த ஊர்களிலும் கல்லாவே கதியென்று காலம் கழிக்கும் நம் வணிகப் பெருமக்கள் விபுலானந்த அடிகளின் வரலாற்றை அறிவது நலம்.

இலங்கையின் கிழக்குக் கரையில், முஸ்லிம் ஊர்களுக்கு அண்டையிலுள்ள காரைதீவில் 1892-ஆம் ஆண்டு பிறந்தவர். இயற்பெயர் மயில்வாகனன். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்று, விஞ்ஞான ஆசிரியரானார். 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும், 1920-ல் லண்டன் பல்கலைக் கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1924-ல் துறவு பூண்டார். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

அந்நாட்களில்தான் பழந்தமிழரின் யாழ் அவர் சிந்தையைக் கவர்ந்தது. மேனாட்டார் வாசிக்கும் 'லூட்' என்னும் கருவியின் பெயர், மரம் எனப் பொருள்படும் 'அல் ஊத்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததே. நாம் இங்கு மலாய்க் கலியாண வீடுகளில் கேட்கும் கம்புஸும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அவையெல்லாம் கைமாறிக் கைமாறி இன்றளவும் வாழ்கின்றன. யாழோ வீணைக்கு இடங்கொடுத்து மறைந்துபோயிற்று. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று உரைநூல்கள் கூறுகின்றனவேயன்றிக் கருவியைக் கண்டவர் எவருமிலர்.

அடிகளார் சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடத் தொடங்கினார். ஒரே இழுப்பிலுள்ள நரம்பைப் பாதியாகக் குறைத்தால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். மூன்றில் இரண்டாகக் குறைத்தால் 'ச' என்பது 'ப' ஆகும். யாழில் சுரத்துக்கொரு நரம்பாதலால், சுரங்களை அறிந்தால் நரம்புகளின் நீளத்தையும் கணித்துவிடலாம். புலவர் கண்ணுக்குப் புலப்படாதது விஞ்ஞான ஆசிரியரின் கண்ணுக்குப் புலப்பட்டது. 1936-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் யாழைப்பற்றிச் சொற்பொழிவாற்றியபோது அவருக்கு வயது 44.

வேலைகள் அவரை விட்டபாடில்லை. 1939 முதல் ஈராண்டு இமயமலையில் பத்திரிகாசிரியப் பணி. 1943 முதல் இலங்கைப் பல்கலைக் கழகத்தில் தமிழ்ப் பேராசிரியப் பணி. இடையே 1942-ல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜனாப் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களோடு நெருங்கிப் பழகினார். முஸ்லிம்களின் கல்வி முன்னேற்றத்தில் அஸீஸ் அவர்கள் கொண்ட ஆர்வத்துக்கு அந்நட்பும் துணைநின்றது.

உடல் நலிந்தது, ஆயினும் யாழை அவர் விடவில்லை. சிதம்பரம் செட்டியார் என்னும் செல்வர் பொருளுதவ, கரந்தைத் தமிழ்ச் சங்கம் யாழ் நூலை அச்சேற்றிற்று. 1947 ஜூன் 5, 6 தேதிகளில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றம் நடந்தது. அவருடைய கணக்கின்படி செய்த யாழ்களும் அங்கே கொண்டுவரப்பெற்றன. அதன்பின் 43 நாட்களே அவர் உயிரோடிருந்தார். ஜூலை 19-ல், தமது 55-ஆம் வயதில், கொழும்பில் காலமானார். மட்டக்களப்பில் 1929-ல் திறந்த சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே அவரை அடக்கம் செய்தனர்.

ஓய்வு கிடைத்தபின் பார்க்கலாம் என்று அவர் ஒத்திப்போட்டிருந்தால், யாழ் நூல் வெளிவந்தேயிராது. செட்டியாரின் கை நீளாதிருந்தால், அது கையெழுத்துப் பிரதியாகவே நின்றிருக்கும். கற்பதற்கு வயது தடையன்று. கற்றவனுக்குத் தோள் கொடுக்க வணிகனுக்கு இடமுண்டு. இவ்விரண்டையும் நம் கணக்கேட்டில் குறித்து வைப்போமாக.