இரு கரைக்கும் நடுவே

வஹகோட்டை அந்தோனியார் கோயிலைக் காணும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழும். 1656 இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்த போர்த்துக்கேயரின் வழிவந்தோர், கண்டி மன்னனின் ஆதரவில் இவ்வூரிற் குடியமர்ந்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. துறைமுகம் கைமாறினால் மலைநாட்டுச் சிற்றூரின் கதையும் மாறிவிடுகிறது! இவ்வுண்மையை உணர்ந்து செயலில் இறங்கிய பெருமகன் அக்கரையில் வாழ்ந்தார். அவரே வ. உ. சிதம்பரம் பிள்ளை.

1872 செப்டம்பர் 5 ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் தோன்றிய அவர், தூத்துக்குடியில் வழக்கறிஞராக விளங்கினார். அந்நகருக்கு 1876 இலும், எங்கள் மாத்தளைக்கு 1880 இலும் புகையிரதம் வந்துவிட்டது. ஆயினும் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட கடலில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ஆதிக்கமே ஓங்கியிருந்தது. தோட்டத்துக்கு வந்த கூலித் தொழிலாளியாயினும் பண்டம் ஏற்றிய வணிகராயினும் அதற்கே கட்டணம் செலுத்த நேர்ந்தது.

1906 அக்டோபர் 16 இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். ஆசியர் அனைவரும் பங்கு பெறலாம் என்பது விதி; ஆகவே இலங்கையரும் அதில் அயலார் அல்லர். தலைவராகப் பாண்டித்துரைத் தேவர் அமர்ந்தார். மகன் நோயுற்றிருக்க, மனைவி கருவுற்றிருக்க, சிதம்பரனார் பம்பாய் சென்றார். கப்பலின்றித் திரும்புவதில்லை என்பது அவர் பூண்ட உறுதி. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடியை அடைந்தன.

வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் சென்று, குடையும் பரிசளித்தது. செல்வர் நட்டத்தைத் தாங்குவர்; சிறு பங்குதாரர் எங்ஙனம் தாங்குவர்? 1908 மார்ச்சு 12 இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். அவ்வாண்டே இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. வழக்காடிய கை சிறையிற் செக்கிழுத்தது. 1911 இல் கம்பெனி கலைந்தது, கப்பல்களும் விலைபோயின.

1912 டிசம்பரில் விடுதலை பெற்று வெளிவந்தவருக்கு வழக்கறிஞர் உரிமையும் இல்லை, கப்பலும் இல்லை. வறுமையிலும் அவர் தமிழை விட்டாரில்லை. திருக்குறளுக்கு உரை கண்டார். தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தார். தம் வரலாற்றைச் செய்யுளில் வடித்தார். 1914 இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறந்தபோது, இந்திய ரயிலையும் இலங்கை ரயிலையும் இணைக்கும் பயணமே தூத்துக்குடியை விட்டு விலகியது. 1936 நவம்பர் 18 இல் அவர் மறைந்தார்.

அவர் தோற்றார் என்று மாணவர்க்குக் கற்பிக்க என் மனம் இசையவில்லை. ஊர் முழுவதும் தாங்க வேண்டிய பாரத்தை ஒரு தோளில் ஏற்றினோம். அத்தோள் சிறைப்பட்டதும் பாரம் விழுந்தது. தோல்வி எவருடையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியவர் நாமே.