மூளை என்று இருந்ததே 2 வால்வுதான்... 1949-லேயே வீட்டில் சுற்றி வந்த ரோபோ 'ஆமை'! யார் இந்த கிரே வால்டர்?

காரைக்குடி பக்கத்தில், அரிசி ஆலைகளுக்குப் பேர்போன புதுவயலில் இருக்கும் ஒரு பள்ளி மாணவர்கூட இன்று ஆன்லைனில் சென்சார், மோட்டார் வாங்கி வீட்டிலேயே சின்ன ரோபோ செய்துவிட முடியும். அது சுவரில் முட்டாமல் தானாக வழி கண்டுபிடித்துப் போவதைப் பார்ப்பதே தனி சுகம். இந்த விளையாட்டைத் தொடங்கி வைத்தவர் ரோபோ இன்ஜினியர் இல்லை, மூளை ஆராய்ச்சியாளர்.

1910-ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்டவர் வில்லியம் கிரே வால்டர். கேம்பிரிட்ஜில் படித்தார். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி துறையின் முன்னோடிகளில் ஒருவர். மண்டையைத் திறக்காமலேயே, அலைகளை வைத்து மூளைக் கட்டி எங்கே இருக்கிறது என்று 1930-களிலேயே காட்டியவர். 1939 முதல் பிரிஸ்டலில் உள்ள பர்டன் நரம்பியல் நிறுவனத்தில் வேலை.

அவரைக் குடைந்த கேள்வி ஒன்றுதான். உயிருள்ள ஒன்று மாதிரி நடந்துகொள்ள எத்தனை நரம்பு செல் வேண்டும்? கோடிக்கணக்கில் வேண்டும் என்று பலரும் நினைத்த காலம் அது. வால்டர் இரண்டை வைத்து முயற்சி செய்தார். 1948-49-ல் மனைவி விவியனுடன் சேர்ந்து வீட்டிலேயே எல்மர், எல்சி என்ற இரண்டு 'ஆமை'களைச் செய்தார். பழைய கடிகாரம், கேஸ் மீட்டரில் இருந்து எடுத்த பற்சக்கரங்கள், மூன்று சக்கரம், இரண்டு மோட்டார், ஒரு ஒளி உணரி, மேலே ஒரு ஓடு. நரம்பு செல்லுக்குப் பதில் இரண்டு ரேடியோ வால்வு. அவ்வளவுதான். கம்ப்யூட்டரும் இல்லை, மேப்பும் இல்லை.

எப்படி வழி கண்டுபிடித்தது?

இருட்டில் முன் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். அதோடு சேர்ந்து 'கண்'ணும் நாலா பக்கமும் தேடும். வெளிச்சம் பட்டதும் சுழற்சி நிற்கும், ஆமை அதை நோக்கிப் போகும். ரொம்பப் பிரகாசமாக இருந்தால் விலகிவிடும். ஓடு எதிலாவது முட்டினால் இடித்து, பின்வாங்கி, சுற்றிக்கொண்டு போகும்.

இதில் அசத்தலான விஷயம் சார்ஜிங். ஆமையின் கூண்டுக்குள் பிரகாசமான விளக்கு எரியும். பேட்டரி நிறைந்திருந்தால் அந்த வெளிச்சம் கூச, ஆமை உள்ளே போகாது. பேட்டரி இறங்க இறங்க கண்ணின் கூர்மையும் குறையும், கூசுவது நிற்கும். நேராகக் கூண்டுக்குள் போய் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். 'பசிக்கிறது' என்று சொல்ல தனி மீட்டரே கிடையாது!

(அதே 1948-ல்தான், அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, இன்று பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற காரைக்குடி 'சிக்ரி'க்கு நேரு அடிக்கல் நாட்டினார்.)

வீட்டில் இதைச் செய்து பார்க்க இரண்டு எல்டிஆர், இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு கியர் மோட்டார், பேட்டரி போதும். இடது கண்ணை வலது மோட்டாரோடும், வலது கண்ணை இடது மோட்டாரோடும் இணைத்தால் ரோபோ வெளிச்சத்தை நோக்கித் திரும்பும். குறுக்கே இணைக்காமல் அந்தந்தப் பக்கத்துக்கே கொடுத்தால் வெளிச்சத்தை விட்டு ஓடும். ஒயரை மாற்றினால் குணமே மாறிவிடுகிறது!

1951-ல் லண்டனில் நடந்த 'பிரிட்டன் விழா' கண்காட்சியில் இந்த வகை ஆமைகளை மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். 1953-ல் மூளை பற்றி வால்டர் எழுதிய புத்தகத்திலும் இவை இடம்பெற்றன.

வாழ்நாள் முழுக்க மூளையை ஆராய்ந்தவரை 1970-ல் வீழ்த்தியதும் மூளைக் காயம்தான். ஸ்கூட்டர் விபத்தில் தலையில் பலத்த அடி. அதன்பிறகு பழையபடி ஆராய்ச்சிக்குத் திரும்பவே முடியவில்லை. 1977-ல் காலமானார்.

ஆனால் அந்தப் புத்தகம் ஆஸ்திரேலியாவில் ஒரு சிறுவனின் கைக்குப் போயிருந்தது. அதைப் படித்துவிட்டு வீட்டிலேயே ஒரு ரோபோ செய்தவர் ராட்னி புரூக்ஸ். பின்னாளில் அவரும் சேர்ந்து தொடங்கிய ஐரோபோட் நிறுவனம்தான் 2002-ல் 'ரூம்பா' என்ற வீடு கூட்டும் ரோபோவைக் கொண்டுவந்தது. இன்றைய ரூம்பாக்கள் சார்ஜ் குறைந்தால் தானாகவே கூண்டுக்குத் திரும்பிவிடுகின்றன, எல்சி மாதிரியே.