வானொலிக்கு வராத வாதம்: ராஜாஜியின் கதை

மாலை மங்கும் நேரம். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகள். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துக் கிராமங்களில் ஜனங்கள் வேலை முடிந்து திரும்புகிறார்கள். பஞ்சாயத்து ரேடியோ முன்னால் கூட்டம் சேருகிறது.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ரேடியோ கிடையாது. பல ஊர்களில் ஊருக்கே ஒன்றுதான். கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். பாட்டு வரும். விவசாயிகளுக்கு யோசனை வரும். பிறகு செய்தி வரும். மந்திரி எந்த ஊருக்குப் போனார், எந்த அணையைத் திறந்தார், எத்தனை கோடிக்குத் திட்டம் போட்டார் என்பதெல்லாம் வரும்.

அந்தத் திட்டம் சரியா, தவறா? சர்க்காரை எதிர்த்துக் கேட்பவர் என்ன சொல்கிறார்? அதை அவர் வாயாலேயே கேட்க முடியாது. எதிர்க்கட்சிக்காரர் மைக் முன்னால் உட்கார்ந்து வாதாட அங்கே இடம் இல்லை.

அப்படி வாதாடியவர்களில் முதல் வரிசையில் நின்ற முதியவர் ஒருவர், அதே மண்ணில் பிறந்தவர். அவர்தான் ராஜாஜி.

மணியக்காரர் மகன்

ஓசூருக்கு அருகே தொரப்பள்ளி என்று ஒரு சிறிய கிராமம். 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந்தேதி ராஜகோபாலாச்சாரி அங்கே பிறந்தார். தந்தை சக்கரவர்த்தி வெங்கடார்யர். ஊர் முன்சீப் வேலை பார்த்தவர். தாயார் சிங்காரம்மாள்.

தொரப்பள்ளி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. 1965-ல் சேலத்தைப் பிரித்துத் தர்மபுரி மாவட்டம் அமைத்தார்கள். ஊர் அதில் சேர்ந்தது. 2004-ல் தர்மபுரியையும் பிரித்தார்கள். அதன் பிறகு ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாவட்டம்தான் மாறிக்கொண்டே வந்தது!

கிராமத்துப் பையன் ஓசூரில் படித்தான். பெங்களூர் போனான். சென்னையில் சட்டம் படித்தான். 1900-ம் ஆண்டு சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினான். நல்ல பெயர், நல்ல வருமானம். 1917-ல் சேலம் நகரசபைத் தலைவர் பதவியும் தேடி வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? ஈ.வெ.ராமசாமி, பின்னாளில் பெரியார். இருவருக்கும் அப்போது ஏற்பட்ட நட்பு கடைசிவரை நீடித்தது. கொள்கையில் மட்டும் இருவரும் கீரியும் பாம்பும்.

மனைவி அலமேலு மங்கம்மாள் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். 5 குழந்தைகள். ராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை. காந்தி அழைத்தார், வக்கீல் தொழிலை விட்டார். சிறை சென்றார். திருச்செங்கோடு பக்கம் ஆசிரமம் அமைத்துக் கதர் நூற்றார். 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார். 1933-ல் அவருடைய மகள் லட்சுமி, காந்தியின் மகன் தேவதாசை மணந்தார். காந்தியும் ராஜாஜியும் சம்பந்திகள் ஆனார்கள்.

பதவியும் மைக்கும்

1937-ம் ஆண்டு சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார் ராஜாஜி. முதல்-மந்திரியை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். முதலில் எந்த ஜில்லாவில்? சொந்த ஜில்லாவான சேலத்தில். தொரப்பள்ளியும் தர்மபுரியும் அதில் அடக்கம். கள்ளுக்கடைகள் மூடப்பட்டன.

1938 ஜூன் 16-ந்தேதி சென்னையில் அகில இந்திய வானொலியின் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன் சென்னை நகரசபை ஒரு சிறிய ஒலிபரப்பை நடத்தி வந்தது. இனி டில்லி நடத்தும்.

அதே ஜூன் மாதம் சென்னைத் தெருக்களில் வேறொரு சத்தம் கேட்டது. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியிருந்தார் ராஜாஜி. எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டது. நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். நண்பர் ஈ.வெ.ரா.வும் சிறைக்குப் போனார். சிறையில் வைத்தது ராஜாஜியின் சர்க்கார். இதை மறைப்பதற்கில்லை. எதிர்க்குரலுக்கு இடம் வேண்டும் என்று பின்னாளில் மன்றாடியவர், நாற்காலியில் இருந்தபோது எதிர்க்குரலைக் கம்பிக்குப் பின்னால் அனுப்பியவரும்கூட.

பதவிகள் வந்தன, போயின. 1942-ல், வெள்ளையனே வெளியேறு போராட்டம் வேண்டாம் என்றார். முஸ்லிம் லீக்கோடு சமரசம் பேசுங்கள் என்றார். காங்கிரஸை விட்டே வெளியே வந்தார். போன இடமெல்லாம் கூச்சல், வசை. தனி மனிதனாக நின்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எதிர்க்கட்சி வாழ்வுக்கு அது ஒத்திகைபோல ஆயிற்று.

சுதந்திரம் வந்தது. மேற்கு வங்காள கவர்னர் ஆனார். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான். கடைசி கவர்னர் ஜெனரலும் அவர்தான். சர்தார் பட்டேல் இறந்ததும் மத்திய உள்துறை மந்திரி. 1952-ல் சென்னை ராஜ்ய முதல்-மந்திரி. வந்தவுடன் அரிசி ரேஷனை எடுத்தார். ஜனங்கள் வாழ்த்தினார்கள்.

இந்த ஆண்டுகளில் எல்லாம் ராஜாஜிக்கு மைக் பஞ்சம் இல்லை. நாட்டின் தலைவர் பேசினால் வானொலி ஒலிபரப்பும். முதல்-மந்திரி பேசினால் ஒலிபரப்பும்.

1953-ல் தொடக்கப் பள்ளிக்குப் புதுத் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்றது திட்டம். குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். ஏழைப் பிள்ளை படித்து மேலே வருவதற்குத் தடை போடுவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ராஜாஜியால் ஜனங்கள் மனம் ஒப்பும்படி பதில் சொல்ல முடியவில்லை. 1954 ஏப்ரலில் பதவி விலகினார். காமராஜ் முதல்-மந்திரியானார், திட்டம் கைவிடப்பட்டது.

80 வயதில் புதுக்கட்சி

வயது 75. பாரத ரத்னா பட்டம் கிடைத்துவிட்டது. வேறொருவராக இருந்தால் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருப்பார். ராஜாஜி ராமாயணம் எழுதினார். சக்கரவர்த்தித் திருமகன் என்ற அந்த நூலுக்கு 1958-ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. அதோடு நிற்கவில்லை.

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை முறையைத் தீர்மானமாகப் போட்டது. உழவனின் நிலம் உழவன் கையை விட்டுப் போய்விடும் என்று அஞ்சினார் ராஜாஜி. தொழில் தொடங்க ஒரு பெர்மிட், நடத்த ஒரு லைசென்ஸ், சரக்கு வாங்க ஒரு கோட்டா என்று ஆட்சி நடக்கிறதே, இது லஞ்சத்துக்கு வழி என்றார். 1959 ஜூன் மாதம் சென்னையில் சுதந்திரா கட்சி பிறந்தது. தலைவர் என்.ஜி.ரங்கா. பொதுச் செயலாளர் மினூ மசானி. மூளை ராஜாஜி. வயது 80!

எதிரே நிற்பவர் யார்? ஜவஹர்லால் நேரு. சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற பழைய தோழர்.

நேருவிடம் ஒரு பெரிய கருவி இருந்தது. அதுதான் வானொலி. அது சர்க்கார் இலாகா. செலவு மட்டும் ஜனங்களுடையது. ரேடியோ வைத்திருப்பவர் ஆண்டுதோறும் தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். காங்கிரஸ்காரரும் கட்டினார், தி.மு.க.காரரும் கட்டினார், சுதந்திரா கட்சிக்காரரும் கட்டினார். பேச்சு மட்டும் ஆளும் பக்கத்திலிருந்து வந்தது. தேர்தல் காலத்தில்கூட எதிர்க்கட்சித் தலைவர்களுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

லண்டனில் அப்படி இல்லை. பி.பி.சி. பிறந்து இரண்டே ஆண்டுகளில், 1924 தேர்தலின்போது, மூன்று கட்சித் தலைவர்களும் அதில் பேசினார்கள். அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. இந்தியாவுக்குச் சுயாட்சி தரக்கூடாது என்று 1930-களில் கத்திய சர்ச்சிலுக்கு மைக் தர மறுத்ததும் உண்டு அந்த பி.பி.சி. வேண்டாதவர் பேச்சைத் தள்ளி வைப்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான ஆசை போலும்.

இந்தியாவில் 1950-களில் சினிமாப் பாட்டைக்கூட வானொலி ஒதுக்கி வைத்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டார்கள். பிறகு 1957-ல் விவித பாரதி வந்தது. பாட்டுக்கு இலங்கை இருந்தது. எதிர்க்கட்சிப் பேச்சுக்கு எந்த முள்ளைத் திருப்புவது?

வாரம் ஒரு வாதம்

ராஜாஜி பேனாவை எடுத்தார்.

சென்னையிலிருந்து சுயராஜ்யா என்ற ஆங்கில வாரப் பத்திரிகை வந்தது. 1956-ல் காசா சுப்பாராவ் தொடங்கியது. அதில் வாரந்தோறும் வாசகருக்குக் கடிதம் போல ஒரு பகுதி எழுதினார். தமிழில் கல்கியில் எழுதினார். தியாகராய நகர் பஸ்லுல்லா ரோட்டு வீட்டிலிருந்து வாரம் தவறாமல் கட்டுரை போகும்.

அந்த வாரம் என்ன நடந்ததோ அதுதான் பொருள். பட்ஜெட் வந்தால் பட்ஜெட். விலைவாசி ஏறினால் விலைவாசி. ரஷியாவும் அமெரிக்காவும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தால் அணுகுண்டு. தேர்தலில் பணம் விளையாடுகிறதே, ஏழை எப்படி நிற்பான் என்று கேட்டார். காஷ்மீரத் தலைவர் ஷேக் அப்துல்லாவோடு பேசித் தீருங்கள் என்றார். சின்னச் சின்ன வாக்கியம். நடுவில் ஒரு குட்டிக் கதை. கோர்ட்டில் நீதிபதிக்கு எடுத்துச் சொல்வதுபோல ஒவ்வொரு படியாக வாதம் ஏறும்.

இந்தி விஷயத்தில் அவரே தம்மை மறுத்துக்கொண்டார். 1938-ல் இந்தியைப் புகுத்தியவர், 1965-ல் இந்தி மட்டும் ஆட்சிமொழி ஆவதை எதிர்த்தார். பழசைச் சொல்லிக் கேலி செய்தார்கள். அவர் அதற்காக எழுதுவதை நிறுத்தவில்லை.

1962-ல் அமெரிக்கா போனார். வயது 83. அணுகுண்டு சோதனையை நிறுத்தும்படி ஜனாதிபதி கென்னடியிடம் வாதாடினார். குறித்த நேரத்தைத் தாண்டியும் கென்னடி கேட்டுக்கொண்டிருந்தார். கூடப் போனவர்களில் ஒருவர் ஆர்.ஆர்.திவாகர். அவர் முன்பு மத்திய சர்க்காரில் வானொலி இலாகா மந்திரியாக இருந்தவர்!

ஆனால் ஒரு குறை இருந்தது. பெரிய குறை. சுயராஜ்யா ஆங்கிலத்தில் வந்தது. கல்கி தமிழ்தான், ஆனாலும் படிக்கத் தெரிந்தவருக்குத்தானே? 1961-ல் சென்னை ராஜ்யத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். நிலம் பறிபோகும் என்று எந்த உழவனுக்காக வாதாடினாரோ, அவன் பெரும்பாலும் கைநாட்டு. அவன் வீட்டுப் பெண்களுக்கு எழுத்தே தெரியாது. அவர்களுக்குக் காது இருந்தது. ஊரில் ரேடியோவும் இருந்தது. அவர்கள் கேட்டுவிட்டு, இந்தக் கிழவர் சொல்வது தவறு என்று தள்ளியிருக்கலாம். சரி என்று ஏற்றிருக்கலாம். தள்ளுவதற்கும் முதலில் காதில் விழ வேண்டுமே!

அவர் எழுதிய ஒன்று மட்டும் காற்றில் ஏறி வீடுவீடாகப் போயிற்று. குறை ஒன்றும் இல்லை என்ற பாட்டு. எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடியதைக் கேட்டுக் கண் கலங்காதவர் குறைவு. கண்ணனைப் பாடினால் வானொலியில் இடம் உண்டு.

மேடைக்கு மேடை

எழுத்து எட்டாத இடத்துக்குக் கால் எட்ட வேண்டும். 80-க்கு மேற்பட்ட வயதில் ராஜாஜி மேடை மேடையாக ஏறினார். கறுப்புக் கண்ணாடி, கதர்த் துண்டு, கைத்தடி. குரல் மெல்லியது. கூட்டம் அமைதியாக இருந்தால்தான் கேட்கும்.

1962 தேர்தலில் நட்சத்திரச் சின்னத்தில் நின்ற சுதந்திரா கட்சிக்கு மக்கள் சபையில் 18 இடம் கிடைத்தது. 1967-ல் 44 இடம். எதிர்க்கட்சிகளில் அதுதான் பெரியது. தமிழ்நாட்டில் அண்ணாவோடு கூட்டுச் சேர்ந்தார். காங்கிரஸ் ஆட்சி போயிற்று. தி.மு.க. ஆட்சி வந்தது. சட்டசபையில் சுதந்திரா கட்சிக்கு 20 இடம்.

தோழமைக் கட்சி ஆட்சிக்கு வந்தாயிற்று. இனியாவது ஓய்வா? இல்லை. 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்த முதல்-மந்திரி கருணாநிதி முடிவு செய்தார். 1937-ல் சேலம் ஜில்லாவில் தாம் ஊன்றிய விதை அல்லவா? 92 வயது ராஜாஜி, கருணாநிதியின் வீட்டுக்கே போனார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. அந்த ஆகஸ்டில் கடைகள் திறந்தன. அந்த ஆண்டு மக்கள் சபைத் தேர்தலில் அவர் கட்சியும் 8 இடத்துக்குச் சுருங்கியிருந்தது. அதற்குப் பிறகும் எழுதினார்.

1972 டிசம்பர் 25-ந்தேதி சென்னை அரசு பொது மருத்துவமனையில் ராஜாஜி காலமானார். வயது 94. வாழ்நாளெல்லாம் எதிர்த்துப் பேசிய பெரியார், சக்கர நாற்காலியில் வந்து, சிதை அருகே குழந்தைபோல அழுதார்.

1974-ல் சுதந்திரா கட்சி, பாரதிய லோக் தளத்தில் கலந்துவிட்டது. 1975-ல் நெருக்கடி நிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில். வானொலி முழுக்க முழுக்க சர்க்கார் புகழ் பாடிற்று. 1977 தேர்தலில்தான் முதல் தடவையாகக் கட்சிகளுக்கு வானொலியில் நேரம் ஒதுக்கினார்கள். ஆளும் கட்சிக்கும் நேரம், எதிர்க்கட்சிக்கும் நேரம். அந்தப் பட்டியலில் சுதந்திரா கட்சியின் பெயர் இல்லை. அது இல்லாமல் போய் ஏறக்குறைய 3 ஆண்டு ஆகியிருந்தது. ராஜாஜி போய் 4 ஆண்டு தாண்டியிருந்தது.