12 படுக்கைகளில் தொடங்கிய மருத்துவமனை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

சென்ற மாதம் நம் சங்கத்தின் மகளிர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம் நடந்தது. மார்பகப் பரிசோதனை முகாமுக்குப் போகலாமா, மேமோகிராம் எடுத்தால் அந்தக் கதிர்வீச்சே புற்றுநோயைக் கொண்டுவருமா என்று பலர் கேட்டிருந்தார்கள். ஜூலை மாதம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த மாதம். கர்ப்பிணிகளுக்கான அரசு உதவித் திட்டத்தின் பெயராக அவரை எல்லோருக்கும் தெரியும். நம் குழுவில் எழுந்த கேள்விக்கும் அவர் வாழ்க்கைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி குலத்தைச் சேர்ந்தவர். ஆண்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் எதிர்ப்பையும் மீறி, மன்னரின் அனுமதியோடு சேர்ந்து படித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டர் ஆனார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1923-இல் தங்கை புற்றுநோயால் இறந்தார். முதலில் சாதாரண வயிற்றுக் கோளாறு என்றே நினைத்திருந்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை. 1925-இல் மேல்படிப்புக்காக லண்டன் சென்றபோது, ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் இந்த நோயைக் குணப்படுத்த முடியும் என்பதை நேரில் கண்டார்.

ஊர் திரும்பியதும் பொது வாழ்க்கை அவரை இழுத்துக்கொண்டது. சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-இல் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார்.

இத்தனைக்கும் நடுவில் தங்கையை அவர் மறக்கவில்லை. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார். இந்த நோய் வந்தால் சாவு நிச்சயம், அதற்கு எதற்கு ஒரு மருத்துவமனை என்பதே அன்றைய பொது எண்ணம். 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் நம் ஊரில் பகவான் ரமணருக்குக் கையில் வந்த கட்டிக்கு அறுவை சிகிச்சையும் ரேடியம் சிகிச்சையும் நடந்தன. 1950 ஏப்ரலில் அவர் முக்தி அடைந்தார். புற்றுநோய் என்ற சொல்லுக்கு நம் ஊர் எவ்வளவு கலங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1952-இல் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1956-இல் பத்ம பூஷண் பெற்ற அம்மையார் 1968 ஜூலை 22 அன்று காலமானார்.

சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது, யாருக்கு எந்தப் பரிசோதனை என்பதில்தான் விவாதம்.

முதலில் கதிர்வீச்சு. ஒரு மேமோகிராமில் உடலில் படும் அளவு, இயற்கையில் இருந்து சுமார் 7 வாரத்தில் நம் மேல் படும் அளவுதான். ஆகவே பெரிய பயம் வேண்டாம். உண்மையான சிக்கல்கள் வேறு. இளம் பெண்களின் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் படத்தில் கட்டி தெரியாமல் போகலாம். இல்லாத நோய் இருப்பதுபோலத் தெரிந்து பயாப்ஸி வரை போக நேரலாம். உயிருக்கு ஆபத்தே தராத கட்டிக்கும் முழு சிகிச்சை நடந்துவிடலாம். 2012-இல் பிரிட்டன் நிபுணர் குழு கணக்கிட்டதில், 50 வயதிலிருந்து 20 ஆண்டுகள் பரிசோதனைக்கு அழைக்கப்படும் 10,000 பெண்களில் 43 பேரின் உயிர் காப்பாற்றப்படும். தேவையில்லாத சிகிச்சைக்கு 129 பேர் ஆளாவார்கள்.

மேமோகிராம் இல்லாமலும் வழி உண்டு. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்தியது. 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 1,51,000 பெண்கள் இரு பிரிவாகக் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். அந்தப் பிரிவில் நோய் முன்கூட்டியே தெரிந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. 50 வயதுக்குக் கீழே இறப்பு குறையவில்லை. 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கைப் பரிசோதனை என்பதே மத்திய அரசின் வழிகாட்டுதலும்.

சுயபரிசோதனை மட்டும் போதும் என்று இருக்கக் கூடாது. ஷாங்காயில் 2,66,000 பெண்களிடம் நடந்த ஆய்வில் அதனால் இறப்பு குறையவில்லை. வெப்பப் படம் எடுக்கும் முகாம்களில் எல்லாம் சரி என்று சொன்னாலும் அதை நம்பி இருந்துவிட வேண்டாம். அது மேமோகிராமுக்கு மாற்று ஆகாது.

இதெல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கான பேச்சு. கையில் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, தோல் சுருங்கினாலோ வயதையும் முகாமையும் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். அம்மா, அக்கா, தங்கைக்கு இந்த நோய் வந்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம்.

முத்துலட்சுமி அம்மையாரின் தங்கைக்கு இந்த வாய்ப்புகள் எதுவும் இல்லை. நமக்கு இருக்கின்றன. வெட்கத்தாலோ பயத்தாலோ தள்ளிப்போடாமல், இந்த மாதம் உங்கள் வீட்டுப் பெண்களிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள்.