மூன்றாம் தளத்துக்கு அப்பாலும் ஓடியவர்

பேஸ்பால் ஆட்டத்தில் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தவர் ஆறுதலாக ஓடி வரலாம். பந்து உள்ளேயே விழுந்தாலோ, அவர் தம் கால்களையே நம்ப வேண்டும். ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி தூரம். ஒரே அடியில் மூன்றாம் தளத்தை எட்டுவதை ‘ட்ரிபிள்’ என்பர். இரண்டாம் தளத்தில் நின்றுகொண்டால் தீங்கில்லை. மேலும் ஓடினால் ஆட்டமிழக்கவும் நேரலாம். அவ்வாறு துணிந்து ஓடுவதில் புகழ் பெற்றவர் ரொபர்ட்டோ கிளமெண்டே.

கரீபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவின் கரோலினா என்னும் ஊரில், 1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள், எழுவருள் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். தந்தையார் கரும்புத் தோட்டத்தில் மேற்பார்வையாளர். 1955இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஆடத் தொடங்கிய கிளமெண்டே, இறுதிவரை அவ்வணியிலேயே நிலைத்தார்.

கறுப்பு நிறம், ஸ்பானிய மொழி என இருவகையாலும் அவர் அயலாராகக் கருதப்பட்டார். பயிற்சிக்காகப் புளோரிடா சென்றபோது வெள்ளையர் உணவகங்களில் அவருக்கு இடமில்லை. செய்தியாளர் சிலர் அவரது ஆங்கில உச்சரிப்பை அப்படியே அச்சிட்டு எள்ளினர். ரொபர்ட்டோ என்ற பெயரையும் ‘பாப்’ எனச் சுருக்கினர். தம் பெயரையும் பிறப்பையும் விட்டுக்கொடுக்க அவர் இசையவில்லை.

பிட்ஸ்பர்க்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானம் மிக விரிந்தது. இடப்புற நடுவெளியின் எல்லை 457 அடி தொலைவில் இருந்தது. அதனைச் சொந்தக் களமாகக் கொண்ட ஓவன் வில்சன் 1912இல் ஒரே பருவத்தில் 36 ட்ரிபிள் அடித்தார். அச்சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. அதே களத்தில் வளர்ந்த கிளமெண்டே, 35 வயதை எட்டிய 1969இல், 12 ட்ரிபிள்களுடன் நேஷனல் லீகில் முதலிடம் பெற்றார். கால்கள் தளரும் பருவத்தில் ஓட்டத்தால் முதன்மை பெற்றமை வியப்புக்குரியது. அவர்தம் வாழ்நாள் கணக்கு 166 ட்ரிபிள். 1972 செப்டம்பர் 30இல் 3000ஆவது வெற்றி அடியையும் அடைந்தார்.

அவ்வாண்டு டிசம்பர் 23இல் நிகரகுவாவின் தலைநகர் மனாகுவா நிலநடுக்கத்தால் சிதைந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சில வாரங்களுக்கு முன்புதான் ஓர் அணியின் பயிற்றுநராக அவர் அங்குத் தங்கியிருந்தார். தம் தீவில் நிதியும் உணவும் மருந்தும் திரட்டி அனுப்பினார். ஆனால் அவை ஆட்சியாளரின் படையினரால் அபகரிக்கப்படுவதாகச் செய்தி எட்டியது. தாம் உடன் சென்றால் உரியவர் கைக்குச் சேரும் என்று கருதி, டிசம்பர் 31 இரவு, அளவுக்கு மீறிச் சுமையேற்றிய பழைய விமானத்தில் ஏறினார். புறப்பட்ட சிறிது நேரத்தில் அது கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த ஐவரும் மாண்டனர். கிளமெண்டேயின் உடல் கிடைக்கவேயில்லை. அப்போது அவருக்கு வயது 38.

ஐந்தாண்டுக் காத்திருப்பு விதியைத் தளர்த்தி, 1973இல் அவரைப் பேஸ்பால் புகழ்க்கூடத்தில் சேர்த்தனர். இலத்தீன் அமெரிக்காவிலிருந்து அப்பெருமை பெற்ற முதல்வர் அவரே. தொண்டில் சிறக்கும் வீரருக்கு ஆண்டுதோறும் அவர் பெயரால் விருது வழங்கப்படுகிறது.

பொருளை அனுப்பியதோடு அவர் நின்றிருந்தாலும் உலகம் குறை கூறியிராது. கொடுத்தது உரியவரைச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் கொடையின் கடமையே என அவர் எண்ணினார். மாணவச் செல்வங்கள் அவர் வாழ்விலிருந்து கைக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே.